திரையா, வலையா? – ஒரு மீன் கண் கற்றுத் தந்த பாடம்



மீன் தலைக் கறி சமைத்த நாளில் பீங்கானின் ஓரத்தில் ஒரு வெள்ளை மணி உருளுவதை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். சிறு வயதில் அதுதான் மீனின் கண் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது கண்ணின் வில்லை மட்டுமே. மீன் உயிரோடு இருக்கும்போது கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் அந்த உருண்டை, சட்டியின் சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு போல வெளுத்து இறுகிவிடுகிறது.

இதை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது என் உம்மம்மா கேட்டார்: "ஏன் மகள், இந்த நாட்டில எத்தின பேர் மௌத்தான பொறகு கண் குடுக்கிறாங்க. எனக்கும் ஒண்டு வெச்சா பார்வ வராதா?"

உம்மம்மாவுக்கு இடது கண்ணில் பார்வை ஏறக்குறைய இல்லை. வலது கண்ணிலும் நடுவில் மட்டுமே தெரிகிறது. உயிரியல் படிக்கும் பிள்ளை என்று வீட்டில் எனக்குப் பெயர். ஆனால் அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பதிலைத் தேடிப் போனபோது அது மீனின் கண்ணுக்குள் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓர் இடத்தில் மட்டும் ஒட்டியிருந்த படலம்

எங்கள் வீடு நோர்வூட்டில். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் பிடிக்கும் திலாப்பியாவும் கெண்டையும் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு வரும். மீனின் புற அமைப்பைப் பற்றிய செய்முறைப் பாடம் ஒன்றுக்காக எங்கள் ஆசிரியை சில மீன்களை வாங்கி வந்திருந்தார். பாடம் முடிந்ததும் தலைகளைத் தரும்படி கேட்டேன். கையுறையும் சிறு கத்தரிக்கோலும் தந்து, தானும் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கண்ணை வெட்டித் திறந்தோம். வில்லை ஒரு பளிங்குக் குண்டு போல உருண்டு வெளியே வந்தது. உள்ளே கிண்ணம் போன்ற குழி. அதன் உட்புறத்தில் ஈரமான தாள் போல மிக மெல்லிய வெளிறிய படலம் ஒன்று. அதுதான் விழித்திரை. இடுக்கியால் மெல்ல இழுத்தபோது எல்லாப் பக்கமும் இலகுவாகக் கழன்று வந்தது. ஓர் இடத்தில் மட்டும் வர மறுத்தது. ஆசிரியை கண்ணைத் திருப்பி அந்த இடத்தின் பின்புறத்தைக் காட்டினார். அங்கே வெள்ளை நூல் போலப் பார்வை நரம்பு மூளையை நோக்கிப் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

தமிழில் இதை 'விழித்திரை' என்கிறோம். திரை என்றால் படம் விழும் துணி. அரபியில் இதன் பெயர் 'ஷபகிய்யா'. 'ஷபகா' என்றால் வலை. கிரேக்க மருத்துவர் கேலன் இந்தப் படலத்தை வலையோடு ஒப்பிட்டிருந்தார். ஆங்கிலப் பெயரான 'ரெட்டினா'வும் வலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. பெயர் வைத்தவர்களுக்கு உள்ளே இருக்கும் நரம்புக் கலங்களைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் அந்தப் பெயர் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. திரையில் படம் வந்து விழுவதோடு வேலை முடிந்தது. வலையோ முடிச்சுகளால் ஆனது. முடிச்சு அவிழ்ந்தால் வலையே இல்லை.

மூன்று மாடிகள், இரண்டு இணைப்புத் தட்டுகள்

கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் தமது 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று நிறுவினார். ஆனால் ஒளியை உணரும் உறுப்பு வில்லைதான் என்று அவர் கருதினார். அந்த வேலையை விழித்திரையே செய்கிறது என்பது பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே தெளிவானது. விழித்திரைக்குள் கலங்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதை ஸ்பெயின் நாட்டு அறிஞர் கஹால், வெள்ளி உப்பால் சாயமேற்றிய மெல்லிய வெட்டுமுகங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்து வரைந்தார். 1893இல் வெளிவந்த அவரது ஆய்வில் மீன், தவளை, பறவை, பாலூட்டி ஆகிய எல்லாவற்றின் விழித்திரைகளும் உண்டு. எல்லாவற்றிலும் அடிப்படைத் திட்டம் ஒன்றே.

அந்தத் திட்டத்தை மூன்று மாடிக் கட்டடமாக நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணின் பின்சுவரை ஒட்டிய மாடியில் கோல்களும் கூம்புகளும் இருக்கின்றன. மங்கிய ஒளிக்குக் கோல்கள், பகலுக்கும் நிறத்துக்கும் கூம்புகள். நடு மாடியில் மூன்று வகைக் கலங்கள் உள்ளன. இருமுனைவுக் கலங்கள் செய்தியை முதல் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்குக் கொண்டு செல்கின்றன. கிடைக் கலங்களும் அமக்கிரின் கலங்களும் பக்கவாட்டில் கை நீட்டி அயலாரை இணைக்கின்றன. மூன்றாம் மாடியில் திரட்டுக் கலங்கள். அவற்றின் நீண்ட நார்கள் ஒன்றுசேர்ந்ததே நாங்கள் கண்ட அந்த வெள்ளை நூல். மாடிகளுக்கு இடையிலுள்ள இரண்டு தட்டுகளில்தான் கலத்தோடு கலம் பேசும் நரம்பிணைப்புகள் நிறைந்துள்ளன.

ஒரு கணக்கைப் பாருங்கள். மனிதக் கண் ஒன்றில் கோல்களும் கூம்புகளும் சேர்ந்து ஏறக்குறைய 10 கோடி. பார்வை நரம்பின் நார்களோ சுமார் 12 இலட்சம் மட்டுமே. அப்படியென்றால் கண் தான் கண்டதையெல்லாம் மூளைக்கு அனுப்புவதில்லை. எதை அனுப்ப வேண்டும் என்று வலைக்குள்ளேயே முடிவாகிறது.

கூடையைக் கழிக்கும் கலங்கள்

அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைக் கண்டறிய உதவியவை பெரும்பாலும் மீன்கள்தான். சில மீன்களின் விழித்திரைக் கலங்கள் பெரியவை. அதனால் நுண்ணிய மின்வாயை உள்ளே செலுத்துவது அவற்றில் சாத்தியமானது.

1953இல் சுவெட்டிச்சின் என்ற ஆய்வாளர் மீனின் விழித்திரையில் ஒரு விசித்திரமான மின் மாற்றத்தைப் பதிவு செய்தார். அது கூம்பிலிருந்து வருகிறது என்று முதலில் எண்ணினார். மின்வாயின் நுனியிலிருந்து சாயத்தைச் செலுத்திப் பார்த்தபோது அது கிடைக் கலங்களிலிருந்து வந்தது என்று பின்னர் தெரியவந்தது. தவறிய எண்ணத்தில் தொடங்கி ஒரு புதிய வழியே திறந்தது! 1960களில் ஜப்பானில் டொமிட்டாவின் குழுவினர் கெண்டை மீனின் தனிக் கூம்புகளுக்குள் மின்வாயைச் செலுத்தி அளந்தார்கள். 1970இல் கனெக்கோ தங்கமீனின் கிடைக் கலங்களையும் இருமுனைவுக் கலங்களையும் தனித்தனியே அளந்து வெளியிட்டார்.

இவற்றிலிருந்து தெரியவந்த முதலாவது விடயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. ஒளி பட்டால் கூம்பு துள்ளி எழும் என்றே நான் நினைத்திருந்தேன். நடப்பது அதற்கு நேர்மாறு. இருளில்தான் கூம்பு ஓயாமல் குளுட்டமேற் என்ற இரசாயனத்தைச் சுரக்கிறது. ஒளி பட்டால் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. இருமுனைவுக் கலங்களில் ஒரு வகை அந்த இரசாயனத்தால் தூண்டப்படுகிறது. அது "இருண்டது" என்ற செய்தியைச் சொல்லும். மற்ற வகை அதே இரசாயனத்தால் அடக்கப்படுகிறது. சுரப்புக் குறையும்போது விடுபட்டு "வெளித்தது" என்று சொல்லும். ஒரே சத்தத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக வாசிக்கிறார்கள்.

இரண்டாவது விடயம் கிடைக் கலங்களைப் பற்றியது. இதற்கு எங்கள் தோட்டங்களிலேயே நல்ல உவமை இருக்கிறது. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும், மழை நாளில் ஈரத்துக்கும் கழித்துவிட்டுத்தானே கணக்கெழுதுவார்கள்? கிடைக் கலம் செய்வதும் அதுவே. அது பல கூம்புகளிலிருந்து செய்தி பெற்று அந்தப் பகுதியின் பொதுவான வெளிச்சம் எவ்வளவு என்று கணிக்கிறது. பின் அந்தப் பொதுவான அளவை ஒவ்வொரு கூம்பிலிருந்தும் கழித்துவிடுகிறது. மிஞ்சுவது வித்தியாசம் மட்டும். வெயில் கொளுத்தும் நண்பகலிலும் பனிமூட்டம் இறங்கிய மாலையிலும் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தை நம்மால் வாசிக்க முடிவது இப்படிப் பொது வெளிச்சம் கழிக்கப்படுவதாலும்தான். பொருளின் ஓரம், கோடு, வடிவம் எல்லாமே அயலோடு ஒப்பிட்டுப் பெறப்பட்டவை.

நிறமும் ஒப்பீடுதான். மீனின் சில கிடைக் கலங்கள் சிவப்பு ஒளிக்கு ஒரு திசையிலும் பச்சை, நீல ஒளிகளுக்கு எதிர்த் திசையிலும் மின்னழுத்தம் மாறுவதைச் சுவெட்டிச்சின் கண்டார். எங்கள் தெற்காசிய நீரோடைகளைச் சொந்த இடமாகக் கொண்ட வரிக்குதிரை மீனுக்கு நான்கு வகைக் கூம்புகள் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம், நமக்குத் தெரியாத புற ஊதா. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதன் குஞ்சுகளில் நிறங்களை ஒப்பிடும் வேலை கூம்பு தன் செய்தியை ஒப்படைக்கும் முதலாவது இணைப்பிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

நாள்தோறும் மாறும் வலை

நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளிலும் ஹோட்டன் சமவெளியிலும் உள்ள ட்ரவுட் மீனை அறிவீர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்டது அது. ட்ரவுட்டின் கூம்புகள் தரையில் பதித்த ஓடுகள் போலச் சதுரம் சதுரமாக வரிசை தப்பாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. குஞ்சாக இருக்கும்போது அதற்குப் புற ஊதா ஒளி தெரியும். வளர வளர அந்த ஆற்றல் குறைந்துவிடுகிறது. வயதுக்கு ஏற்ப அதன் கண்ணே மாற்றியமைக்கப்படுகிறது.

கெண்டையிலும் தங்கமீனிலும் இன்னும் விரைவான மாற்றம் உண்டு. பகலில் கிடைக் கலத்தின் நுனிகளில் மிகச் சிறிய முட்கள் முளைத்துக் கூம்பின் அடிக்குள் நுழைகின்றன. இருளில் அவை உள்வாங்கி மறைகின்றன. காலையில் கட்டி, இரவில் அவிழ்க்கும் முடிச்சுகள்!

இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. இந்த மீன்கள் வாழ்நாள் முழுவதும் வளர்கின்றன. உடலோடு கண்ணும் வளர்கிறது. விழித்திரையின் விளிம்பில் மரத்தின் ஆண்டு வளையம் போலப் புதிய நரம்புக் கலங்கள் தொடர்ந்து சேர்கின்றன. அவற்றின் நார்கள் மூளைக்குப் போய்ச் சரியான இடத்தில் இணைகின்றன. ஆகவே வலை பின்னும் வேலை மீனுக்கு ஒருபோதும் முடிவதில்லை. நமக்கோ அது சிறு வயதிலேயே முடிந்துவிடுகிறது.

உம்மம்மாவின் கேள்விக்கு வருகிறேன்

1963இல் அட்டார்டி, ஸ்பெரி என்ற இருவர் அமெரிக்காவில் தங்கமீனின் பார்வை நரம்பை வெட்டினார்கள். விழித்திரையின் ஒரு பகுதியையும் அகற்றினார்கள். எஞ்சிய கலங்களின் நார்கள் மீண்டும் வளர்ந்தன. வழியில் வெறுமையாக இருந்த இடங்களில் நிற்காமல், ஒவ்வொன்றும் மூளையில் தனக்குரிய பழைய இடத்தைத் தேடிச் சென்று சேர்ந்தது. வரிக்குதிரை மீன் இன்னும் ஒரு படி மேல். அதன் விழித்திரையில் காயம் பட்டால், கலங்களுக்குத் தாங்கலாக நிற்கும் முல்லர் கலங்கள் பிரிந்து புதிய நரம்புக் கலங்களை உண்டாக்குகின்றன. முல்லர் கலங்கள் நமக்கும் உண்டு. ஆனால் காயத்தின்போது அவை தழும்பைத்தான் உண்டாக்குகின்றன.

இப்போது கண் தானம். இந்த விடயத்தில் எங்கள் நாட்டுக்கு உலகில் நல்ல பெயர் உண்டு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கை கண் தானச் சங்கம் பாகிஸ்தான் உட்படப் பல நாடுகளுக்குக் கண்களை அனுப்பியிருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணிலிருந்து நோயாளிக்குப் பொருத்தப்படுவது முன்புறத்திலுள்ள ஒளிபுகும் படலமாகிய கோர்னியா. அது ஜன்னல் கண்ணாடி போன்றது. கீறினால் மாற்றலாம். வில்லை வெளுப்பது வெண்புரை. அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கலாம். இவை இரண்டும் ஒளி வரும் பாதையிலுள்ள பொருட்கள். வலையின் முடிச்சுகள் அல்ல.

உம்மம்மாவுக்கு வந்தது குளுக்கோமா. அதில் இறப்பவை மூன்றாம் மாடியின் திரட்டுக் கலங்கள். பெரும்பாலும் கண்ணின் உள்ளழுத்தம் கூடுவதால் அவை மெல்ல மெல்ல அழிகின்றன. வேறொருவரின் கண்ணை முழுமையாக வைத்தாலும் சுமார் 12 இலட்சம் நார்களையும் மூளைவரை வளர்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் இணைக்க இன்று எந்த வைத்தியராலும் முடியாது. 2023 மே மாதம் நியூயோர்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணும் மாற்றிப் பொருத்தப்பட்டது. அந்தக் கண்ணுக்கு இரத்தம் ஓடியது. பார்வை மட்டும் வரவில்லை. தங்கமீன் தானாகச் செய்வதை நாம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

நம்பிக்கையே இல்லையென்று சொல்ல மாட்டேன். மீனின் முல்லர் கலங்கள் பயன்படுத்தும் ஒரு மரபணுவை இயக்கி, வளர்ந்த எலிகளின் முல்லர் கலங்களிலிருந்து புதிய நரம்புக் கலங்களை உண்டாக்கியதாக அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2017இல் அறிவித்தார்கள். ஆனால் எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதை நீளமானது. உம்மம்மாவுக்கு அது உதவும் என்று நான் பொய் சொல்ல விரும்பவில்லை.

நாங்கள் தவறவிட்டது

உண்மையில் என் மனதை வருத்துவது வேறொன்று. இரண்டு வருடங்களுக்கு முன்பே உம்மம்மா கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ளத் தொடங்கினார். பக்கத்தில் வைத்த தேநீர்க் கோப்பையைத் தட்டிவிடுவார். "வயது போனால் கண்ணில் வெள்ளை படரும்தானே, முற்றிய பிறகு வெட்டலாம்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். அப்போதே எனக்குக் கண்ணின் படம் வரைந்து பெயர் குறிக்கத் தெரியும்! கடைசியில் கண் கிளினிக்குக்குப் போனபோது வெண்புரை கொஞ்சம்தான் என்றார்கள். குளுக்கோமா நெடுநாளாக இருந்திருக்கிறது. போன பார்வையைத் திருப்ப முடியாது, மீதியைக் காக்க மட்டுமே சொட்டு மருந்து என்றார்கள்.

குளுக்கோமா பொதுவாக நோவு தராது. முதலில் போவது பக்கப் பார்வை. இரண்டு கண்களும் ஒன்றுக்கொன்று ஈடு செய்வதால் இழப்புத் தெரிவதில்லை. தெரியவரும்போது பெருமளவு கலங்கள் இறந்திருக்கும். மீளாத பார்வை இழப்புக்கு உலகில் முதன்மையான காரணம் இதுவே. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இது இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு அதிகம். கண்ணின் அழுத்தத்தை அளப்பதும், பார்வை நரம்பின் தலையைக் கருவியால் பார்ப்பதும் சில நிமிட வேலை.

இதையெல்லாம் படித்த பிறகு உம்மம்மாவிடம் உட்கார்ந்து, தங்கமீனின் கதையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எனக்கு வராது" என்றார். நான் தலையைக் குனிந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஒன்ட உம்மாவுக்குப் பார்த்தாச்சா?" என்று கேட்டார். அதுவரை எனக்கு அது தோன்றவேயில்லை. உம்மம்மாவின் மகள் அல்லவா என் உம்மா!

அடுத்த வாரமே உம்மாவும் சாச்சியும் கிளினிக்குக்குப் போனார்கள். சாச்சிக்கு ஒன்றுமில்லை. உம்மாவுக்கு ஒரு கண்ணில் அழுத்தம் கூடியிருந்தது. நரம்பு இன்னும் பாதிக்கப்படவில்லை. அல்ஹம்துலில்லாஹ். இப்போது இஷாவுக்குப் பிறகு இருவருக்கும் சொட்டு மருந்து விடுவது என் வேலை. தாமதமானால் உம்மம்மாதான் முதலில் கூப்பிடுவார்.

தோழிகளே, இந்தச் சஞ்சிகையை மூடிவைத்த பிறகு வீட்டில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். உங்கள் மூத்தம்மாவோ அப்பாவோ கதவில் இடித்துக்கொள்கிறாரா? படியைத் தவறவிடுகிறாரா? வயதின்மீது பழியைப் போட்டுவிட்டு இருக்காதீர்கள். வெண்புரையாக இருந்தால் நல்லது, அதற்கு மருத்துவம் உண்டு. வேறாக இருந்தால் அதற்கு ஒவ்வொரு நாளும் பெறுமதியானது. மீனுக்கு அறுந்த வலையை மீண்டும் பின்னும் ஆற்றல் கொடுக்கப்பட்டிருக்கிறது. நமக்கு அது அறுபடும் முன்னே அறிந்துகொள்ளும் அறிவு கொடுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்துவோம்.

– உயர்தர மாணவி, உயிரியல் விஞ்ஞானப் பிரிவு